இணைய இணைப்பின் வகையும் நிலையும்: பிரித்தறிந்து எழுதி வாங்கும் முறை

நூல் கடை நடத்தும் என் மைத்துனர், கடைக்குப் பின்னாலுள்ள கிடங்கில் நான்கு கேமராக்களையும் அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் ஒரு பதிவுப்பெட்டியையும் வைத்திருக்கிறார். தொலைபேசிக் கம்பி வழியே 8 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இணையம் வந்துகொண்டிருந்த காலத்தில், சரக்கெடுக்க வெளியூர் போனாலும் கைப்பேசியிலிருந்து நேராக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து கிடங்கைப் பார்த்துவிடுவார். பிறகு தெருவுக்கு ஃபைபர் வந்தது, 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறினார். யூடியூப் பறந்தது, பில் போடும் மென்பொருள் பறந்தது, கிடங்கு மட்டும் திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது கிடைத்த பதில் இது: “சார், உங்க பிளான் நூறு எம்.பி.பி.எஸ்., டெஸ்ட்ல தொண்ணூத்தாறு வருது, லைன் பக்காவா இருக்கு சார்.” மூன்று வாரங்களுக்கு இதே பதில்தான். “காசும் கூடக் கொடுத்து உள்ளதும் போச்சே மச்சான்” என்று அவர் என்னிடம் புலம்பிய பிறகுதான் நான் போய்ப் பார்த்தேன்.

சேவை மையத்தில் பேசியவர் பொய் சொல்லவில்லை. வேகம் பன்னிரண்டு மடங்கு கூடித்தான் இருந்தது. ஆனால் இணைப்பின் வகை ஒரு படி இறங்கியிருந்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை விளம்பரமும் சொல்வதில்லை, விண்ணப்பப் படிவமும் சொல்வதில்லை. தெரு எவ்வளவு அகலம் என்பது நிலை. உங்கள் வீட்டுக்கென்று ஒரு கதவு எண் உண்டா, தேடி வருகிறவரை வாசலில் இருப்பவர் உள்ளே விடுவாரா என்பது வகை. இணைப்பு வாங்கும் முன் முதலில் வகையையும் அதன் பிறகு நிலையையும் தீர்மானித்து, இரண்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளும் முறையை இங்கே சொல்கிறேன்.

வகைகள் ஐந்து

வகை பிரிப்பதற்கு நாமே புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, 2005 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 4084 என்ற எண்ணில் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. ‘நடப்பிலுள்ள சிறந்த நடைமுறை’ வரிசையில் அதற்கு எண் 104. அதைத் தொகுத்தவர் ஜான் கிளென்சின். மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யின் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் தொகுத்தவர் அவரே என்பதால், எந்த வகை இணைப்பில் அஞ்சல் போகும், எதில் போகாது என்ற கவலை அந்த ஆவணம் முழுவதும் தெரிகிறது. ‘இணையச் சேவை’ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன, ஆகவே விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எந்த வகை நல்லது, எது கெட்டது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிரிப்பு எனக்குப் பயன்படுகிறது.

முதலாவது, வலை மட்டும். உலாவியில் பக்கங்களைத் திறக்கலாம். அதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. அஞ்சல் மென்பொருள், அலுவலக வலையோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். போன்றவை வேலை செய்யாமல் போகலாம். இடையில் ஒரு பிராக்சி நின்று, நீங்கள் கேட்ட பக்கத்துக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டவும் கூடும். தங்கும் விடுதியிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழையும் வைஃபை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. இதற்கும் கீழே ஒரு படி இருக்க முடியும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்: குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம். தளத்துக்குத் தளம் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒழுங்குமுறை பிறப்பித்ததும் அந்தத் திட்டம் இந்தியாவில் நின்றுபோனது.

இரண்டாவது, பொது முகவரி இல்லாத பயனர் இணைப்பு. நீங்கள் வெளியே போய் எதையும் எடுத்துவரலாம். வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. காரணம், உங்கள் ரௌட்டருக்குக் கொடுக்கப்பட்டிருப்பது சேவை நிறுவனத்தின் உள்வீட்டு முகவரி. வெளியுலகத்தில் அதற்குப் பொருள் கிடையாது. இன்று நம் ஊரில் வீடுகளுக்கு விற்கப்படும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பகுதி இதுதான். கைப்பேசி டேட்டாவும், ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையின் பக்கத்தைப் பொறுத்தவரை, இதுதான்.

மூன்றாவது, பொது முகவரி உள்ள பயனர் இணைப்பு. முகவரி உங்களுக்கே உரியது. ஆனால் நிலையானது அல்ல. ஒரு நாளிலும் மாறலாம், பல மாதங்கள் மாறாமலும் இருக்கலாம். வி.பி.என். பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடும். இங்கிருந்து சர்வர் நடத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலோ, உள்வரும் இணைப்பை வடிகட்டியோ நிறுவனம் தடுக்கலாம். தடுக்காமல் விட்டுவிடவும் செய்யலாம். என் மைத்துனரின் பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பு இந்த வகைதான். தடுக்காமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே.

நான்காவது, காவலுள்ள இணைப்பு. ஒன்றோ பலவோ நிலையான பொது முகவரிகள் இருக்கும், சர்வரும் நடத்தலாம், ஆனால் நடுவில் சேவை நிறுவனமே ஒரு ஃபயர்வாலை வைத்து, சில வகைப் போக்குவரத்தை நிறுத்தும். எதை நிறுத்துகிறார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால் இது நல்ல பொருள், இல்லாவிட்டால் தலைவலி.

ஐந்தாவது, முழு இணைப்பு. நிலையான பொது முகவரி உண்டு. பிராக்சி, நேட் (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது), போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) அடைப்பு எதுவும் கிடையாது. வேக வரம்பும், சட்டவிரோதமான அல்லது பிறரைத் தாக்கும் செயல்களுக்கான தடையும் மட்டுமே இருக்கலாம். ‘லீஸ்டு லைன்’ என்று விற்கப்படுவது இந்த வகையாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நாம்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. உள்ளூர்ச் சேவையாளர் சிலர், “நாங்க ஏ கிளாஸ் லைசென்ஸ்” என்று சொல்வார்கள். இந்தியாவில் இணையச் சேவை உரிமத்தின் ஏ, பி, சி பிரிவுகள் பரப்பைக் குறிப்பவை. ஏ என்றால் நாடு முழுவதும், பி என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், சி என்றால் அதற்கும் சிறிய ஒரு பகுதி. இணைப்பின் வகைக்கும் தரத்துக்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை: சோதிக்கும் முறை

முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். சேவை நிறுவனம் சுவரில் மாட்டிக் கொடுத்த ஃபைபர் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதியில் உள்ள ஐபி முகவரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே வைஃபையில் இருந்தபடி, ‘என் ஐபி முகவரி என்ன’ என்று தேடி, வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி உண்டு. நீங்கள் குறைந்தது மூன்றாம் வகையில் இருக்கிறீர்கள். வேறுபட்டால் இரண்டாம் வகைக்கு மேலே இல்லை.

மைத்துனர் கடையில் பெட்டிக்குள் 100.72 என்று தொடங்கும் முகவரி இருந்தது. வெளியே வேறொன்று தெரிந்தது. அந்த 100.72ஐப் பார்த்தவுடனே விஷயம் விளங்கிவிட்டது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், 2012 ஏப்ரலில், சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை, எண்ணிக்கை 41,94,304. இந்த ஏற்பாட்டைத் தொழிலில் இருப்பவர்கள் சிஜிநேட் என்பார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்றும் 1996 முதலே தனிப்பயன்பாட்டு முகவரிகளாக நடைமுறையில் உள்ளன. பெட்டியின் வெளிப்பக்கத்தில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முடிவு அதேதான்.

இந்தச் சோதனையில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்களே கடையில் வாங்கிய வைஃபை ரௌட்டரை இணைத்திருந்தால், அந்த ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி 192.168 என்றுதான் காட்டும். அது உங்கள் ஃபைபர் பெட்டியே கொடுத்த முகவரி. அதை வைத்துச் சேவை நிறுவனத்தோடு சண்டைக்குப் போகக் கூடாது. கம்பி எங்கே வீட்டுக்குள் நுழைகிறதோ, அந்தப் பெட்டியில்தான் பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் இப்படி அடுக்குகின்றன என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. புரிந்தால் கோபம் பாதி குறையும். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன; இந்தியா அடங்கிய ஆசிய-பசிபிக் பகுதியின் பதிவகமான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதிக்கு வந்து பங்கீட்டு முறையைத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் ஃபைபர் பரவலாக வீடுகளுக்கு வந்தது அதற்குப் பிறகு. பந்தி முடியும் நேரத்தில் வந்தவர்களுக்கு இலை கிடைப்பது அரிது என்பதுதான் கதை.

இரண்டாவது சோதனை, முகவரி நிலையானதா என்பது. பெட்டியை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்கி, முகவரி மாறியதா என்று பாருங்கள். ஒருமுறை மாறவில்லை என்பதாலேயே நிலையானது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு மாதம், வாரத்துக்கொரு முறை குறித்து வையுங்கள். விலைப்பட்டியலில் ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்று தனி வரியாகக் கட்டணம் இல்லையென்றால், மாறாதது தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வாசல் சோதனை. பொது முகவரி இருப்பது உறுதியான பிறகு, பெட்டியில் ஒரு போர்ட்டைத் திறந்து உள்ளே ஓடும் கருவிக்குத் திருப்பிவிடுங்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து அந்த முகவரியையும் போர்ட்டையும் தட்டிப் பாருங்கள். வைஃபையை அணைக்க மறந்து, உள்ளேயிருந்தே தட்டிப் பார்த்துவிட்டு “வேலை செய்கிறது” என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு போர்ட்டில் கிடைக்கவில்லை என்றால் வேறு எண்ணில் முயலுங்கள். 80, 443 போன்ற பெயர்பெற்ற எண்களை மட்டும் அடைத்து, 50,000க்கு மேலுள்ளவற்றை விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. வெளிப்போக்கில் 25ஆம் போர்ட்டையும் சோதியுங்கள். எரிதங்களை (ஸ்பேம் அஞ்சல்களை) தடுப்பதற்காக வீட்டு இணைப்புகளில் அதை அடைப்பது உலகெங்கும் வழக்கம். அஞ்சல் மென்பொருள் பயன்படுத்துவோருக்கு 587, 465 ஆகியவை திறந்திருந்தால் போதும். ஆனால் சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்த நினைப்பவருக்கு 25 இல்லாமல் முடியாது. முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவையும் சேவை நிறுவனம் போட்டுத் தர வேண்டும். போர்ட்டைத் திறந்துவைக்கும்போது கருவியின் பழைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் மைத்துனரின் பெட்டியில் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லே ஆண்டுக்கணக்கில் இருந்தது.

நான்காவதாக, ஐபிவி4க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறையான ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சமே கிடையாது. உலகில் இதன் பயன்பாட்டில் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உங்கள் பெட்டியில் 2 என்ற எண்ணில் தொடங்கி முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட முகவரி தெரிந்தால், ஐபிவி4 பக்கம் இரண்டாம் வகையாக இருந்தாலும், இந்தப் பக்கம் நீங்கள் மூன்றாம் வகையில் இருக்கக்கூடும். பார்ப்பவரின் கைப்பேசியிலும் ஐபிவி6 இருந்து, பெட்டியின் ஃபயர்வாலில் அனுமதியும் கொடுத்துவிட்டால், கூடுதல் கட்டணமே இல்லாமல் வேலை முடிந்துவிடும். ஆகவே வகையைக் குறிக்கும்போது ஐபிவி4க்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று என்று தனித்தனியே குறிக்க வேண்டும்.

யாருக்கு எந்த வகை போதும்

எல்லாரும் ஐந்தாம் வகைக்கு ஓட வேண்டியதில்லை. படம் பார்ப்பது, பாடம் படிப்பது, வாட்ஸ்அப் அழைப்பு, யு.பி.ஐ. ஆகியவற்றுக்கு இரண்டாம் வகை தாராளம். இப்போது விற்கும் கேமராக்களில் பெரும்பாலானவை, தயாரித்த நிறுவனத்தின் இடைச் சர்வருக்குத் தாமே போய் இணைந்துகொள்வதால், அவற்றுக்கும் அது போதும். உங்கள் கிடங்கின் காட்சி இன்னொருவர் சர்வர் வழியாக வருகிறது என்பது உங்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளை அலுவலகத்திலிருந்து தலைமையகக் கணினிக்கு வர வேண்டும், சொந்த வி.பி.என். சர்வர் வேண்டும், பழைய பதிவுப்பெட்டியையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு, உள்வரவை அனுமதிக்கும் மூன்றாம் வகையாவது வேண்டும். முகவரி மாறினாலும் பெயர் மாறாமல் தேடித்தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். வங்கியோ அரசுத் தளமோ, “உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியைக் கொடுங்கள், அதிலிருந்து மட்டும் அனுமதிக்கிறோம்” என்று கேட்டால் நிலையான முகவரி கட்டாயம். அப்போது நான்கு அல்லது ஐந்துதான்.

இனி நிலைகள்

வகை முடிவான பிறகே எம்.பி.பி.எஸ். பக்கம் வர வேண்டும். ‘பிராட்பேண்ட்’ என்ற சொல்லே நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும். இந்தியாவின் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2013இல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில்தான் 2 எம்.பி.பி.எஸ். ஆயிற்று. அமெரிக்காவின் எஃப்.சி.சி. ஆணையம், 2015இல் பதிவிறக்கம் 25, பதிவேற்றம் 3 என்று வைத்திருந்ததை, 2024 மார்ச்சில் 100, 20 என்று உயர்த்தியது. அங்கே பதிவேற்றத்துக்கும் தனி எண் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வரையறை ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறது. ஆகவே ‘பிராட்பேண்ட்’ என்ற சொல்லை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்கும், மருத்துவமனை ஸ்கேன் படம் அனுப்ப அரைமணி ஆவதற்கும் பெரும்பாலும் காரணம் பதிவேற்றம்தான். எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. கோப்பின் அளவோ பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 100 எம்.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 12.5 எம்பி, 1 ஜிபி கோப்பு இறங்க 80 நொடி.

அடுத்து, வரம்பு. ‘அன்லிமிடெட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும் திட்டங்கள் பலவற்றில், சிறிய எழுத்தில் மாதம் 3300 ஜிபி என்ற எல்லை இருக்கும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் அது 73 மணி நேரத்தில், அதாவது மூன்று நாளில் தீர்ந்துவிடும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. இருபது பேர் வேலை செய்யும் அலுவலகமோ, பகிர்ந்துகொள்ளும் அடுக்ககமோ தொடலாம். எல்லை தாண்டிய பின் வேகம் என்னவாகும் என்பதே முக்கியமான கேள்வி. 2 எம்.பி.பி.எஸ். ஆகிவிடும் என்றால், முன்பு 80 நொடியில் வந்த அதே 1 ஜிபி கோப்பு, ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு மேல் எடுக்கும்.

பகிர்வையும் கேட்க வேண்டும். வீடுகளுக்கு வரும் ஜிபான் ஃபைபரில், ஒரு கம்பியின் பதிவிறக்கத் திறன் சுமார் 2.5 ஜிகாபிட்; தெருமுனைப் பெட்டியில் அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். 64 வீட்டாரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்டால் ஆளுக்கு 40 எம்.பி.பி.எஸ்.கூடத் தேறாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 100ம் 200ம் விற்கப்படுகின்றன. அந்த நம்பிக்கை பகலில் பலிக்கும், ஐ.பி.எல். நடக்கும் இரவில் சோதனைக்கு உள்ளாகும். வேகச் சோதனையை இரவு எட்டு முதல் பத்து மணிக்குள், கணினியைக் கம்பியால் இணைத்துச் செய்யுங்கள். வைஃபையில் செய்த சோதனை உங்கள் சுவரைத்தான் அளக்கும்.

தாமதம் என்பது வேகத்திலிருந்து வேறானது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கம்பி சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், போய்வர 32 மில்லிநொடிக்குக் கீழே யாராலும் தர முடியாது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியென்றால், போய்வரவே அரை நொடி ஆகும், எத்தனை எம்.பி.பி.எஸ். வாங்கினாலும் பேச்சில் அந்த இடைவெளி இருந்தே தீரும். இணைய விளையாட்டு, தொலைவிலிருந்து கணினியை இயக்குவது, குரல் அழைப்பு ஆகியவற்றுக்குத் தாமதமும், வழியில் தொலைந்துபோகும் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) விகிதமும்தான் உண்மையான அளவுகோல்கள். டிராயின் சேவைத்தர ஒழுங்குமுறைகளில் இவற்றுக்கும் அளவுகள் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய ஒழுங்குமுறை கம்பி வழி, கம்பியில்லா வழி இரண்டையும் ஒரே விதித்தொகுப்பில் கொண்டுவந்திருக்கிறது.

கடைசியாகக் கிடைப்புநிலை. 99 விழுக்காடு என்பது காதுக்கு நன்றாக இருக்கும். ஆண்டுக்கு 87 மணி 36 நிமிடம் இணைப்பு இல்லாமல் போகலாம் என்பது அதன் பொருள். 99.5 என்றால் மாதத்துக்கு 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் ஆண்டுக்கே 8 மணி 45 நிமிடம். இதைவிட முக்கியம், கம்பி அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வராவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு கழியும் என்பது. வீட்டுத் திட்டங்களில் இதற்கு எழுத்துமூல உறுதி கிடைப்பது அரிது. அதுவே லீஸ்டு லைனின் விலைக்குப் பெரிய காரணம்.

எழுதி வாங்குதல்

கடை, பள்ளி, மருந்தகம், அடுக்ககச் சங்கம் என எதற்கானாலும், விற்பனையாளரிடம் பின்வருவது போல ஒரு பத்தியை எழுதிக் கொடுத்து, அதையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். மைத்துனருக்காக நான் எழுதியது இது:

“வகை: உள்வரும் இணைப்புகளை அனுமதிக்கும், நிலையான பொது ஐபிவி4 முகவரி ஒன்றுடன் கூடிய இணைப்பு. சிஜிநேட் கூடாது. சேவையாளர் தரப்பில் அடைக்கப்படும் போர்ட்டுகள் இருப்பின் அவற்றின் முழுப் பட்டியல் இணைப்புத் தரும் முன் கொடுக்கப்பட வேண்டும். இடைநிலை பிராக்சி கூடாது. ஐபிவி6 முகவரித் தொகுதி தரப்பட வேண்டும். நிலை: பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 100 எம்.பி.பி.எஸ்.; மாத வரம்பும் வரம்புக்குப் பிந்தைய வேகமும் எண்ணில் குறிப்பிடப்பட வேண்டும். பழுது பதிவான நேரத்திலிருந்து சரிசெய்யும் கால அளவு மணியில் குறிப்பிடப்பட வேண்டும். முகவரியோ வகையோ மாற்றப்படுமானால் 15 நாட்களுக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்கப்பட வேண்டும்.”

கடைசி வரியை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். இணைப்புத் தரும்போது பொது முகவரி கொடுத்து, வாடிக்கையாளர் கூடியதும் ஓர் இரவில் எல்லாரையும் சிஜிநேட்டுக்குப் பின்னால் நகர்த்திவிடுவது நடக்கக்கூடியதே. வேகம் மாறாது என்பதால் பலருக்கு அது தெரியவும் தெரியாது. ஐந்து வகைகளின் பெயர்களைச் சொன்னால் விற்பனையாளருக்குப் புரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். “சிஜிநேட் இல்லாமல், ஸ்டாட்டிக் ஐபியோடு, உள்வரும் போர்ட் திறந்து” என்று சொன்னால் அவர் தொழில்நுட்பப் பிரிவுக்கு இணைப்பைத் திருப்பிவிடுவார். அங்கிருப்பவருக்கு அரை வாக்கியத்தில் புரியும். மைத்துனரின் விஷயம் மூன்று வாரம் இழுத்ததற்கும், பிறகு ஒரே நாளில் முடிந்ததற்கும் இதுதான் வேறுபாடு. ஆண்டுக் கட்டணமாக ஒரு தொகை கூடியது; பெட்டியில் 100.72 போய்ப் பொது முகவரி வந்தது. மாலையில் அவர் கைப்பேசியில் கிடங்கும் தெரிந்தது.

புதிய இணைப்பு வந்த அன்றே, கம்பி இழுத்தவர் ஏணியை மடிக்கும் முன், மேலே சொன்ன முதல் சோதனையையும் வாசல் சோதனையையும் அவர் கண்முன்னே செய்துவிடுங்கள். பெட்டியின் ‘வேன்’ பக்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பை அன்றே துண்டிக்கச் சொல்லாமல், ஒரு பில் காலம் முழுவதும் இரண்டையும் ஓடவிடுங்கள்.